முதல் விமானம் ஏறப்போகும் தம்பிகளுக்கு

வளைகுடா நாடுகளுக்கு முதன்முறையாக வேலைக்குப் புறப்படுகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்



ராமநாதபுரத்திலும் சிவகங்கையிலும் புதுக்கோட்டையிலும் தஞ்சாவூரிலும் கடலூரிலும் பாஸ்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு, விசா என்றைக்கு வரும் என்று ஏஜெண்டுக்குத் தினம் போன் போட்டுக்கொண்டிருக்கும் உங்கள் எல்லோருக்கும் சேர்த்து இதை எழுதுகிறேன்.

நான் சவுதியின் கிழக்குப் பகுதியிலும், பிறகு ஷார்ஜாவிலும் கட்டுமானக் கம்பெனிகளில் டைம் கீப்பராக இருந்து ஊர் திரும்பியவன். யார் எத்தனை மணிக்கு சைட்டுக்கு வந்தார், எத்தனை மணி நேரம் ஓவர்டைம் பார்த்தார் என்று எழுதுவது என் வேலை. சம்பளத்தில் பத்து ரியால் குறைந்தாலும் ஆள் நேராக என் மேஜைக்குத்தான் வருவார். அப்படி வந்த தகராறுகளைப் பேசித் தீர்க்க உட்கார்ந்தால், பெரும்பாலானவற்றின் வேர் இங்கே நம் ஊரில் இருக்கும். புறப்படும் அவசரத்தில் கேட்காமல் விட்ட ஒரு கேள்வி, படிக்காமல் போட்ட ஒரு கையெழுத்து, ரசீது வாங்காமல் கொடுத்த ஒரு கட்டுப் பணம்.

அதனால் நான் சொல்ல வருவது ஒன்றுதான். பெட்டி கட்டுவதற்கு முன்னால் காகிதங்களைப் பாருங்கள். ஊரில் இருக்கும்வரை "இந்த வேலை எனக்கு வேண்டாம்" என்று சொல்லிவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்துகொள்ளலாம். அங்கே போய் இறங்கியபின் அதே வார்த்தையைச் சொல்ல கடன், டிக்கெட், கம்பெனி அனுமதி என்று எத்தனையோ குறுக்கே நிற்கும்.

ஏஜெண்டிலிருந்து ஆரம்பிக்கிறேன். வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்கிறவர், 1983-ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டப்படி மத்திய வெளியுறவு அமைச்சகத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். அந்தப் பதிவுச் சான்றிதழைக் கண்ணாடிச் சட்டம் போட்டு அலுவலகச் சுவரில் மாட்டியிருப்பார்கள். அதைப் பார்த்துத் திருப்திப்பட்டுவிடாதீர்கள். எண்ணைக் குறித்துக்கொண்டு வந்து அரசின் 'இ-மைக்ரேட்' இணையதளத்தில் தேடுங்கள். பதிவு நடப்பில் இருக்கிறதா, நிறுத்திவைக்கப்பட்டதா, ரத்தானதா என்று அதிலேயே தெரிந்துவிடும். ஆனால் நம்மில் எத்தனை பேர் நேராக ஏஜெண்டிடம் போகிறோம்? பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் அறிமுகமானவர், மச்சானுக்குத் தெரிந்தவர், முன்பு நாலு பேரை அனுப்பியவர் என்று ஒருவர் நடுவில் வருவார். இந்த சப் ஏஜெண்டுகளுக்குச் சட்டத்தில் இடமே கிடையாது. நாளைக்கு ஒன்று என்றால் அவர் மீது புகார் எழுதக்கூட உங்களிடம் துண்டுச்சீட்டு இருக்காது.

பதிவு பெற்ற ஏஜெண்ட் உங்களிடம் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்துக்கு வரம்பு உண்டு. 30,000 ரூபாய், அதற்கு 18 சதவீத ஜிஎஸ்டி. ஆக 35,400 ரூபாய். அதையும் ரசீதோடுதான் கொடுக்க வேண்டும். ஊரில் கேட்கிற தொகை இதைப்போலப் பல மடங்கு என்பது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். விசாவுக்குக் கம்பெனி செலவு செய்திருக்கிறது, அதைத்தான் வாங்குகிறோம் என்பார்கள். சவுதித் தொழிலாளர் சட்டத்தின் 40-ஆம் பிரிவைப் பாருங்கள். ஆள் எடுக்கும் செலவு, இகாமா என்கிற குடியிருப்பு அட்டைக்கான கட்டணம், வேலை அனுமதிக் கட்டணம், வேலை முடிந்து ஊர் திரும்பும் டிக்கெட் எல்லாமே முதலாளியின் பொறுப்பு என்கிறது. ஐக்கிய அரபு எமிரேட்ஸ் சட்டமும் ஆள் எடுக்கும் செலவைத் தொழிலாளி தலையில் கட்டக்கூடாது என்றே சொல்கிறது.

வட்டிக்கு வாங்கித்தான் போகிறோம் என்றால் ஒரு கணக்குப் போட்டுவிட்டு வாங்குங்கள். நூற்றுக்கு மூன்று வட்டியில் ஒன்றரை லட்சம் வாங்கினால் மாதம் 4,500 ரூபாய் வட்டிக்கே போய்விடும். வருடத்துக்கு 54,000. அசல் அப்படியே நிற்கும். அங்கே சாப்பாட்டுக்கும் போனுக்கும் போக மாதம் எவ்வளவு மிஞ்சும் என்று கேட்டு, அதோடு இதை வைத்துப் பாருங்கள். முதல் வருடம் முழுக்க வட்டிக்காரருக்கே உழைப்பதாக இருந்தால், கொஞ்சம் பொறுத்து வேறு வேலை தேடுவதில் ஒன்றும் குறைந்துவிடாது.

அடுத்தது விசா. 'ஃப்ரீ விசா' என்று ஒன்றை விற்பார்கள். அங்கே போய் எங்கே வேண்டுமானாலும் வேலை பார்க்கலாம், கஃபீல் என்கிற ஸ்பான்சருக்கு மாதம் கொஞ்சம் கொடுத்தால் போதும் என்பார்கள். எந்த வளைகுடா நாட்டுச் சட்டத்திலும் அப்படி ஒரு விசா கிடையாது. யார் பெயரில் விசா இருக்கிறதோ அவரிடம்தான் வேலை பார்க்க வேண்டும். அனுமதி இல்லாமல் வேறு இடத்தில் பார்த்தால், சோதனையில் பிடிபட்ட அன்றே கதை முடிந்தது. இன்னொன்று விசிட் விசா. "இப்போதைக்கு விசிட்டில் போ, போய் மாற்றிக்கொள்ளலாம்" என்கிற பேச்சை நம்பி ஏறியவர்கள் மூன்று மாதம் ஒளிந்து ஒளிந்து கூலி வேலை பார்த்ததைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். விசிட் விசாவில் வேலை பார்ப்பது குற்றம். சம்பளம் தராவிட்டால் கேட்கவும் முடியாது. இதே விசிட் விசாவைக் காட்டி, தாய்லாந்தில் கம்ப்யூட்டர் வேலை என்று அழைத்துப்போய், எல்லை கடத்தி மியான்மரில் இணைய மோசடிக் கும்பலிடம் விட்ட கதைகள் 2022 முதல் பத்திரிகைகளில் வந்துகொண்டே இருக்கின்றன. அதில் சிக்கியவர்களில் நம் தமிழ்ப் பிள்ளைகளும் உண்டு, படித்த பிள்ளைகள்.

நல்ல விசா என்றாலும் அதைப் படிக்காமல் ஏறாதீர்கள். தேவகோட்டைப் பக்கத்துத் தம்பி ஒருவர் போன வருடம் விசா நகலோடு என் வீட்டுக்கு வந்தார். சூப்பர் மார்க்கெட்டில் ஹெல்பர் வேலை, ஏசி கடை என்று ஏஜெண்ட் சொல்லியிருந்தார். காகிதம் முழுக்க அரபி. நான் பேச அரபி தெரிந்தவன், எழுத்துக்கூட்டி வாசிக்கவும் வரும். விசா எண், பாஸ்போர்ட் எண், பெயர் எல்லாம் சரி. தொழில் என்ற வரியில் ஆடு மேய்ப்பவர் என்று இருந்தது. ஸ்பான்சர் என்ற இடத்தில் கம்பெனி பெயர் இல்லை, ஒரு தனி மனிதரின் பெயர். அந்தத் தம்பி ஏஜெண்டுக்குப் போன் செய்து கேட்டார். "அது சும்மா பேப்பருக்குத்தான் தம்பி, போனதும் கடையில் விட்டுவிடுவார்கள்" என்று பதில் வந்தது. தம்பி போகவில்லை. கொடுத்த முன்பணத்தைத் திரும்ப வாங்க நாலு மாதம் நடந்தார், அதிலும் பாதிதான் கிடைத்தது. மீதிப் பாதியைப் போனால் போகட்டும் என்று விட்டுவிட்டு இப்போது காரைக்குடியில் ஒரு மளிகைக் கடையில் இருக்கிறார்.

உங்கள் விசாவிலும் இந்த இரண்டு வரிகளைத்தான் முதலில் பார்க்க வேண்டும். தொழில் என்ன, ஸ்பான்சர் யார். அரபி தெரிந்தவர் இல்லாத ஊர் நம் பக்கத்தில் குறைவு. பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் கொண்டுபோய்க் காட்டினாலும் படித்துச் சொல்வார். இல்லையென்றால் செல்போன் கேமராவில் காட்டினால் அதுவே மொழிபெயர்த்துக் கொடுக்கும். இன்னொன்றையும் தெரிந்துகொள்ளுங்கள். வீட்டு டிரைவர், வீட்டு வேலை, தோட்டம், ஆடு ஒட்டகம் மேய்ப்பது போன்ற வேலைகளுக்குப் பெரும்பாலான வளைகுடா நாடுகளில் பொதுவான தொழிலாளர் சட்டம் பொருந்தாது. தனி விதிகள்தான். கம்பெனி ஆளுக்கு இருக்கிற வேலைநேர வரம்பும் ஓவர்டைமும் அப்படியே கிடைக்கும் என்று எதிர்பார்த்துப் போகாதீர்கள்.

இனி ஒப்பந்தம். அக்ரிமெண்டில் கையெழுத்துப் போடும்போது எல்லோரும் மொத்தச் சம்பளத்தைத்தான் பார்க்கிறார்கள். டைம் கீப்பர் என்ற முறையில் சொல்கிறேன், நீங்கள் பார்க்க வேண்டியது பேசிக், அதாவது அடிப்படைச் சம்பளம். இரண்டு பேர் துபாய்க்கு 1,500 திர்ஹாம் சம்பளத்தில் போகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருவருக்கு பேசிக் 1,200, மற்ற படிகள் 300. இன்னொருவருக்கு பேசிக் 600, படிகள் 900. மாதா மாதம் இருவர் கையிலும் ஒரே தொகைதான். ஆனால் அந்த நாட்டில் ஓவர்டைம் கூடுதல் தொகையைக் கணக்கிடுவது பேசிக்கை வைத்து. வேலையை விட்டு வரும்போது தரும் கிராஜுவிட்டியும் பேசிக்கை வைத்துத்தான். முதல் ஐந்து வருடங்களுக்கு, வருடத்துக்கு 21 நாள் பேசிக் சம்பளம். ஐந்து வருடம் முடித்துக் கிளம்பும்போது முதல் ஆளுக்கு 4,200 திர்ஹாம். இரண்டாவது ஆளுக்கு 2,100. அதே வெயிலில் அதே செங்கலைத் தூக்கியவர்கள்தான் இருவரும்.

பேசிக்கைப் பார்த்தபின் மற்றதைக் கேளுங்கள். தினம் எத்தனை மணி நேரம் வேலை, வார விடுமுறை உண்டா, சாப்பாடு கம்பெனியுடையதா நாமே மெஸ் போட வேண்டுமா, தங்குமிடத்துக்குச் சம்பளத்தில் பிடிப்பார்களா, எத்தனை வருடத்துக்கு ஒருமுறை டிக்கெட்டோடு லீவு. வாயால் சொன்னது காகிதத்தில் இருக்க வேண்டும். இங்கே ஒரு அக்ரிமெண்ட், அங்கே போனதும் அரபியில் இன்னொரு அக்ரிமெண்ட் என்று நீட்டுவது பழைய வழக்கம். இங்கே கையெழுத்திட்ட நகல் உங்கள் கையில் இருந்தால்தான் "இரண்டும் ஒன்றா?" என்று கேட்க முடியும். நகல் தர முடியாது என்கிற ஏஜெண்டிடம் பாஸ்போர்ட்டைக் கொடுக்காதீர்கள்.

பத்தாவது தேறாதவர்களின் பாஸ்போர்ட்டில் பொதுவாக ஈசிஆர் என்ற குறிப்பு இருக்கும். வளைகுடா நாடுகள், மலேசியா உட்பட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக அவர்களுக்குக் குடிபெயர்வு அனுமதி வேண்டும். சென்னையில் அதற்கான அலுவலகம் இருக்கிறது, விண்ணப்பம் இ-மைக்ரேட் வழியாகவே போகும். இதை ஒரு தொல்லையாக நினைத்து, "செட்டிங்கில் ஏற்றிவிடுகிறேன்" என்கிறவர் பின்னால் போகாதீர்கள். அந்த அனுமதிக்காக உங்கள் ஒப்பந்தமும் முதலாளியின் விவரமும் அரசாங்கத்தின் பதிவில் ஏறுகின்றன. நாளைக்குச் சம்பளம் வரவில்லை என்று தூதரகப் படியேறும்போது, நீங்கள் யார், யாரிடம் வேலைக்கு வந்தவர் என்பதற்கு அதுதான் சாட்சி. இதோடு பிரவாசி பாரதிய பீமா யோஜனா என்ற காப்பீடும் கட்டாயம். இரண்டு வருடத்துக்கு 275 ரூபாய், மூன்று வருடத்துக்கு 375 ரூபாய், வரி தனி. விபத்தில் இறந்தாலோ நிரந்தரமாக ஊனமானாலோ 10 லட்சம் ரூபாய். அந்தப் பத்திரத்தில் வாரிசு யார் என்று எழுதிய பெயர் சரியாக இருக்கிறதா என்று பார்த்து, ஒரு நகலை வீட்டில் கொடுத்துவிட்டுப் போங்கள். இப்படிப் பத்திரம் இருப்பதே தெரியாத குடும்பங்கள் உண்டு. புறப்படுமுன் அரசு நடத்தும் ஒரு நாள் பயிற்சி இருக்கிறது. இலவசம். அதற்கும் போய்வாருங்கள்.

தங்கைகளுக்கும் ஒரு வார்த்தை. ஈசிஆர் பாஸ்போர்ட்டில் வீட்டு வேலைக்குப் போகிற பெண்களுக்குக் குறைந்தபட்ச வயது 30. அவர்களைத் தனியார் ஏஜெண்ட் அனுப்பக்கூடாது, அரசு நிறுவனங்கள் வழியாகத்தான் போக வேண்டும். தமிழ்நாட்டில் அதற்கு 1978-இல் தொடங்கிய அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் சென்னையில் இருக்கிறது. வயதைக் கூட்டிப் போட்டு, விசிட் விசாவில் அனுப்புகிறேன் என்று யார் வந்தாலும் வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

மெடிக்கல் பற்றி ஒன்று. வளைகுடா நாடுகள் ஒப்புக்கொண்ட மையங்களில்தான் பரிசோதனை செல்லும். எக்ஸ்ரேயில் பழைய காசநோய்த் தழும்பு தெரிந்தாலே அன்ஃபிட் போட்டுவிடுவார்கள். மஞ்சள் காமாலை பி, சி வகைகளுக்கும் எச்ஐவிக்கும் ரத்தப் பரிசோதனை உண்டு. அங்கே போனபின் மறுபடியும் ஒரு பரிசோதனை நடக்கும். அதில் தவறினால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். எனவே சின்ன வயதில் காசநோய்க்கு மருந்து சாப்பிட்டவர்கள், ஏஜெண்டிடம் பணம் கட்டுவதற்கு முன் நம் ஊர் அரசு ஆஸ்பத்திரியிலேயே எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிடுங்கள். "இருநூறு ரூபாய் வெட்டினால் ஃபிட் ஆக்கிவிடலாம்" என்கிறவரை நம்பிப் போனால் அங்கே இறங்கி இரண்டாவது வாரமே திரும்ப வேண்டியிருக்கும்.

இப்போது பெட்டி. அம்மா, மனைவி, அக்கா எல்லோரும் சேர்ந்து கட்டுகிற பெட்டி அது. பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல், எலுமிச்சை ஊறுகாய், முறுக்கு என்று அன்பெல்லாம் அதற்குள் போகும். போகட்டும். கசகசாவை மட்டும் எடுத்துவிடுங்கள். குருமாவுக்கு அரைக்கிற அதே கசகசாதான். அபினிச் செடியின் விதை என்பதால் எமிரேட்ஸிலும் சவுதியிலும் அது போதைப்பொருள் கணக்கில் வருகிறது. மசாலாப் பொடி அரைக்கும்போதே அதில் கசகசா சேர்த்திருக்கிறார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள். பான், குட்கா, ஹான்ஸ் எதுவும் வேண்டாம். கொப்பரைத் தேங்காயை எளிதில் தீப்பிடிக்கும் என்று விமானத்தில் ஏற்றவிடமாட்டார்கள். ஊறுகாய் பெரிய பெட்டியில் போகட்டும், கைப்பையில் வைத்தால் பிடுங்கி வைத்துக்கொள்வார்கள். பவர் பேங்க் நேர்மாறு, கைப்பையில்தான் இருக்க வேண்டும்.

மாத்திரையில் இன்னும் கவனம். டிராமடால் சேர்ந்த வலி மாத்திரை, கோடீன் சேர்ந்த இருமல் மருந்து, தூக்க மாத்திரை, மனப் பதற்றத்துக்கான மாத்திரை எல்லாம் அங்கே கட்டுப்பாட்டுக்குள் இருப்பவை. முன்கூட்டி அனுமதி இல்லாமல் கொண்டுபோனால் ஜெயில்வரை போகும். சர்க்கரை, பிரஷர் மாத்திரைகளைக்கூட அட்டையைப் பிரிக்காமல், டாக்டர் சீட்டோடு கொண்டுபோங்கள். சீட்டில் மாத்திரையின் கம்பெனிப் பெயரோடு அதிலுள்ள மருந்தின் பெயரையும் ஆங்கிலத்தில் எழுதித் தரச் சொல்லுங்கள்.

அடுத்த தெருக்காரர் ஒரு பார்சலோடு வருவார். "என் மகன் அங்கேதான் இருக்கிறான், ஏர்போர்ட்டுக்கே வந்து வாங்கிக்கொள்வான், இரண்டு கைலியும் கொஞ்சம் அல்வாவும்தான்" என்பார். வாங்காதீர்கள். தவிர்க்க முடியாத உறவு என்றால், உங்கள் கண்முன்னால் தையலைப் பிரித்து, ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்து, நீங்களே உங்கள் கையால் கட்டுங்கள். உள்ளே வேறு ஏதாவது இருந்தால் கம்பி எண்ணப்போவது நீங்கள்தான். போதைப்பொருள் கடத்தலுக்குத் மரண தண்டனை வரை போகிற நாடுகள் அவை. கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.

துபாய் என்றால் வெயில் என்று மெல்லிய சட்டைகளாக அடுக்குவீர்கள். ஒரு ஸ்வெட்டரும் போர்வையும் வையுங்கள். டிசம்பர், ஜனவரி இரவுகளில் ரியாத்திலும் குவைத்திலும் வெப்பநிலை பத்து டிகிரிக்குக் கீழே இறங்கும். அதிகாலை நாலரை மணிக்குக் கம்பெனி பஸ்ஸுக்காக நிற்கும்போது அந்த ஸ்வெட்டரின் அருமை தெரியும். முதல் சம்பளம் கைக்கு வர ஒன்றரை மாதம்கூட ஆகலாம். ஆகவே அந்த நாட்டுப் பணத்தில் கொஞ்சம், சாப்பாட்டுக்கும் சிம் கார்டுக்கும் ஆகிற அளவு, கையில் இருக்கட்டும்.

காகிதங்களில் ஒவ்வொன்றுக்கும் மூன்று நகல் எடுங்கள். பாஸ்போர்ட், விசா, ஒப்பந்தம், காப்பீடு, மெடிக்கல், ஏஜெண்ட் ரசீது. ஒரு கட்டு கைப்பையில், ஒரு கட்டு பெரிய பெட்டியில், ஒரு கட்டு வீட்டில். எல்லாவற்றையும் போனில் படம் பிடித்து மனைவிக்கோ அண்ணனுக்கோ அனுப்பிவிடுங்கள். போன் தொலைந்தாலும் படம் ஊரில் இருக்கும். ஸ்பான்சர் பெயர், கம்பெனி பெயர், அங்கே கூப்பிட வருகிறவரின் போன் எண், இந்தியத் தூதரக எண் நான்கையும் போனை நம்பாமல் ஒரு தாளில் எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். பென்யாமின் 2008-இல் எழுதிய 'ஆடுஜீவிதம்' நாவலை உங்களில் பலர் படமாகப் பார்த்திருப்பீர்கள். அதன் நாயகனின் துயரமெல்லாம் ரியாத் விமான நிலைய வாசலில் ஆரம்பிக்கிறது. கூப்பிட வந்தவன் தன் ஸ்பான்சர்தானா என்று கேட்க மொழியும் இல்லை, ஒப்பிட்டுப் பார்க்க விவரமும் இல்லை. வாசலில் யாராவது உங்கள் பாஸ்போர்ட்டை வாங்கிக்கொண்டு "வா" என்றால், பெயரைக் கேளுங்கள், தாளில் இருக்கும் பெயரோடு ஒத்துப்பாருங்கள். சந்தேகமாக இருந்தால் உள்ளேயே உட்கார்ந்து கம்பெனிக்குப் போன் போடுங்கள். ஐந்து நிமிடம் தாமதமானால் யாரும் உங்களைத் தின்றுவிடமாட்டார்கள்.

போய்ச் சேர்ந்தபின் முதல் மாதத்தில் கவனிக்க வேண்டியவை சில. பாஸ்போர்ட்டை முதலாளி பிடித்து வைத்துக்கொள்வது எமிரேட்ஸ், சவுதி, கத்தார் விதிகளிலேயே தவறு. இருந்தும் நடக்கிறது. இகாமா எடுக்க என்று கொடுத்தால், வேலை முடிந்ததும் திரும்பக் கேளுங்கள். இகாமா கைக்கு வந்ததும் அதையும் படம் பிடித்து ஊருக்கு அனுப்புங்கள். அது இல்லாமல் வெளியே நடமாடாதீர்கள்.

வெயில் உடம்புக்குப் பழக ஒன்றிரண்டு வாரமாவது ஆகும். ஊரில் வெயிலில் நின்றவன்தானே என்ற தைரியம் அங்கே செல்லாது. கோடையில் நடுப்பகல் வேலைக்குத் தடை உண்டு. எமிரேட்ஸில் ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை பகல் 12.30 முதல் 3 மணி வரை. சவுதியில் அதே மாதங்களில் 12 முதல் 3 வரை. கத்தாரில் ஜூன் 1 முதலே, காலை 10 முதல் 3.30 வரை. ஃபோர்மேன் விரட்டினாலும் இது சட்டம் என்று தெரிந்து வைத்திருங்கள். தாகம் எடுக்கும்வரை காத்திருக்காமல் தண்ணீர் குடியுங்கள்.

கேம்ப்பில் படுக்கை கிடைத்த அன்றே, அறையிலிருந்து வெளியேற எத்தனை வழி, மாடிக் கதவு பூட்டியிருக்கிறதா, தீயணைப்புக் கருவி எங்கே என்று ஒருமுறை நடந்து பாருங்கள். 2024 ஜூன் 12 அதிகாலை குவைத்தின் மங்காஃப் பகுதியில் ஒரு தொழிலாளர் குடியிருப்பில் தீப்பிடித்தது. இறந்தவர்களில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் இந்தியர்கள், அவர்களில் தமிழர் 7 பேர். கீழே பிடித்த தீயின் புகை மேலேறி, தூங்கிக்கொண்டிருந்தவர்களின் மூச்சை அடைத்தது. பலரும் தீயைக் கண்ணால்கூடப் பார்த்திருக்கமாட்டார்கள்.

என் தொழில் சார்ந்த ஒரு யோசனை. சின்ன பாக்கெட் நோட்டு ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். தேதி, வேலைக்குப் போன நேரம், வந்த நேரம், ஓவர்டைம், இவ்வளவுதான். தினம் படுக்கும் முன் எழுதுங்கள். கம்பெனி எழுதுவது கம்பெனிக் கணக்கு. மாதக் கடைசியில் சண்டை போட வருகிறவர்களில், நோட்டோடு வந்தவரிடம் நாங்கள் பேசிய விதமே வேறு. எந்தத் தேதியில் எத்தனை மணி நேரம் விடுபட்டது என்று அவர் காட்டுவார், நாங்கள் திருத்துவோம். வெறும் கோபத்தோடு வந்தவரைச் சமாதானம் சொல்லித்தான் அனுப்பினோம்.

அந்த நாட்டுச் சட்டங்கள் பற்றிச் சுருக்கமாக. அனுமதி கேட்காமல் யாரையும் படம் எடுக்காதீர்கள், பெண்களை ஒருபோதும் வேண்டாம். விபத்தை வீடியோ எடுத்து அனுப்புவதும் குற்றம். மதம், அரசியல் பற்றி நம் ஊர் வாட்ஸ்அப்பில் வருவதையெல்லாம் அங்கிருந்து பரப்பாதீர்கள். ரமலான் பகலில் பொது இடத்தில் சாப்பிடவோ தண்ணீர் குடிக்கவோ சிகரெட் பிடிக்கவோ கூடாது. குவைத்தில் மதுவுக்குத் தடை. அங்கே கேம்ப் ஓரங்களில் விற்கிற சரக்கைத் தொடாதீர்கள். 2025 ஆகஸ்டில் கள்ளச்சாராயம் குடித்து இருபதுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள், பலருக்குப் பார்வை போனது.

சம்பளம் நிற்கிறது, அடிக்கிறார்கள், வேலை மாறிவிட்டது என்றால் என்ன செய்வது? ராத்திரியோடு ராத்திரியாக ஓடாதீர்கள். ஓடிவிட்டான் என்று முதலாளி பதிவு செய்தால், சவுதியில் அதற்கு ஹுரூப் என்பார்கள், பாதிக்கப்பட்ட நீங்களே குற்றவாளி ஆகிவிடுவீர்கள். உயிருக்கு ஆபத்து என்றால் நேரே இந்தியத் தூதரகம் அல்லது துணைத் தூதரகம். எமிரேட்ஸில் இந்தியத் தொழிலாளர்களுக்கென 80046342 என்ற இலவச எண் இருக்கிறது. வெளியுறவு அமைச்சகத்தின் 'மதத்' இணையதளத்தில் ஊரிலிருந்து உங்கள் வீட்டாரும் புகார் பதியலாம். தமிழ்நாடு அரசின் அயலகத் தமிழர் நல வாரியத்தில் போகும் முன்பே உறுப்பினராகிவிடுங்கள். ஆபத்து வந்தபின் எங்கே போவது என்று தேடிக்கொண்டிருக்க நேரம் இருக்காது.

வீட்டில் பேசி முடிக்க வேண்டியதும் இருக்கிறது. பணம் யார் பெயருக்கு வரும், அதில் கடனுக்கு எவ்வளவு, வீட்டுச் செலவுக்கு எவ்வளவு, உங்கள் பெயரில் சேமிப்பு எவ்வளவு என்பதைப் புறப்படும் முன்பே பேசுங்கள். என்ஆர்இ கணக்கு ஒன்றைத் திறந்து, மாதம் ஒரு சிறு தொகையாவது அதில் நிற்கட்டும். உண்டியலில் அனுப்பினால் கூடுதலாகக் கிடைக்கிறதே என்று ஆசைப்படாதீர்கள். பணம் வராவிட்டால் கேட்க ஆளில்லை, பிடிபட்டால் வழக்கு. உண்மையான சம்பளத்தை வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள். தங்கை கல்யாணமும் மாடி வீடும் அந்த எண்ணுக்குள் அடங்குமா என்று அவர்களும் கணக்குப் பார்க்கட்டும்.

தம்பிகளே, இவ்வளவும் படித்துப் பயந்துவிட வேண்டாம். ஒழுங்கான கம்பெனிக்கு, ஒழுங்கான காகிதத்தில் போய், உழைத்து, கடனை அடைத்து, பிள்ளைகளைப் படிக்கவைத்துக் கௌரவமாகத் திரும்பியவர்கள் நம் ஒவ்வொரு ஊரிலும் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் வீட்டுக்கு இந்த வாரமே உங்கள் விசா நகலையும் அக்ரிமெண்டையும் எடுத்துக்கொண்டு போங்கள். இரண்டையும் அவர் முன்னால் வைத்து, "அண்ணே, தொழில் என்ன போட்டிருக்கு, ஸ்பான்சர் யாரு, பேசிக் எவ்வளவு?" என்று கேளுங்கள். மூன்றுக்கும் சரியான பதில் கிடைத்தபின் டிக்கெட் போடுங்கள். ஒன்றுக்குக் கிடைக்காவிட்டாலும் ஏறாதீர்கள்.

அன்புடன்,
உங்களுக்கு முன்னே போய்வந்த ஒரு டைம் கீப்பர்